பாலாற்று மணலில் கடுகளவு பூமி

எங்கள் திருமுக்கூடலில் அறிவியல் கூடம் என்று ஒரு கட்டடம் எழும்பியதே இல்லை. அடிக்கல் நாட்டு விழாவும் நடக்கவில்லை, திறப்பு விழாவும் நடக்கவில்லை. ஆனாலும் 2025 அக்டோபரில் அதற்கு முப்பது வயது நிறைந்தது. பழைய ஆட்கள் சிலர் பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் கூடி, டிரங்குப் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்துப் பெஞ்சின் மேல் பரப்பினோம். ரசம் போன கண்ணாடித் துண்டுகள், தீப்பெட்டிகள், சைக்கிள் வால்வு டியூப், மஞ்சள் தடவிய தாள், ஓட்டை போட்ட அட்டைகள். பார்க்க வந்த பிள்ளைகளில் சிலர், அந்தச் சாமான்களை முதன்முதலில் செய்தவர்களின் பேரப்பிள்ளைகள்.

ஊரைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் வந்து, செங்கல்பட்டு சாலையில் பழையசீவரம் வரை போய், பாலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் எங்கள் ஊர். பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேருமிடம். மாட்டுப் பொங்கலன்று பார்வேட்டைக்குக் காஞ்சி வரதர் பழையசீவரம் வந்து, ஆற்றைக் கடந்து எங்கள் ஊருக்கு எழுந்தருளுவார். பழையசீவரம், சாலவாக்கம், காவாந்தண்டலம் பெருமாள்களும் வந்துவிட, எங்கள் அப்பன் வெங்கடேசப் பெருமாளோடு ஐந்து பேரையும் ஒரே இடத்தில் சேவிக்கலாம். ஆற்று மணலில் ஜனம் கூடுவதும், ஊரே வேலையைப் பங்கு போட்டுக்கொண்டு செய்வதும் எங்களுக்கு வழிவழியாகப் பழகியது. அறிவியலுக்காகக் கூடியதுதான் புதிது.

1980 பிப்ரவரி 16 அன்று சூரிய கிரகணம். கர்நாடகம், ஆந்திரம் பக்கம் முழுக் கிரகணம். எங்களுக்குப் பகுதிக் கிரகணம். நான் அப்போது பள்ளிச் சிறுமி. சாப்பாட்டில் தர்ப்பை போட்டு மூடி வைத்தார்கள். ஜன்னல் சந்தில் துணியை அடைத்தார்கள். பட்டப்பகலில் தெருவில் ஈ காக்கை இல்லை. சூரியனுக்கு என்ன ஆகிறது என்று கேட்டதற்கு, அதெல்லாம் பொம்பளைப் பிள்ளை கேட்கக்கூடாது என்று அம்மா அதட்டியது இன்றும் காதில் இருக்கிறது. அம்மாவுக்கும் யாரும் சொல்லித் தந்ததில்லை; அவள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அதே 1980-இல்தான் சென்னையில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் தொடங்கியது. கேரளத்தில் 1962 முதல் இயங்கிவந்த சாஸ்திர சாகித்ய பரிஷத் அதற்கு ஒரு முன்னோடி. விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் மாணவர்களும் சம்பளமில்லாமல், லீவு நாளில் பஸ் பிடித்து ஊர் ஊராகப் போய் அறிவியல் பேசினார்கள். 1987-இல் நாடு முழுக்க மக்கள் அறிவியல் கலைப்பயணம் நடந்தது. விஷவாயு உயிர்களைக் குடித்த போபாலில், நவம்பர் 7 அன்று, எல்லாத் திசையிலிருந்தும் வந்த குழுக்கள் ஒன்றுகூடின. சிறுவர்களுக்கான ‘துளிர்’ இதழும் அந்த வருஷம்தான் வெளிவரத் தொடங்கியது. பிறகு அறிவொளி இயக்கம் வந்தது. ராத்திரி தெருவிளக்கடியில் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்த தொண்டர்களில் நானும் ஒருத்தி. எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டவர்கள் அதோடு நிற்கவில்லை. காய்ச்சல் ஏன் வருகிறது, கிணற்றுத் தண்ணீர் ஏன் உப்பாகிறது என்று கேட்க ஆரம்பித்தார்கள். எங்கள் கூடத்துக்கு வித்துப் போட்டது அந்தக் கேள்விகள்தான்.

1995 அக்டோபர் 24, தீபாவளிக்கு மறுநாள் காலை, மறுபடியும் கிரகணம். இந்த முறை ஊரைக் கதவடைக்க விடக்கூடாது என்று முடிவு செய்தோம். நேராகச் சூரியனைப் பார்க்கக்கூடாது என்பதை வீடு வீடாகப் போய்க் காரணத்தோடு சொன்னோம்: கிரகணத்தில் புதிதாக எந்த விஷக்கதிரும் வருவதில்லை, என்றைக்கும் உள்ள வெயில்தான் விழித்திரையைச் சுடுகிறது, விழித்திரைக்கு வலி தெரியாததால் சுடுவது நமக்குத் தெரிவதில்லை. கறுப்புக் காகிதத்தில் சின்ன ஓட்டை போட்டுக் கண்ணாடித் துண்டின் மேல் ஒட்டினோம். அதை வாசல் வெயிலில் வைத்து, ஒளியை இருட்டு வகுப்பறைச் சுவரில் விழ வைத்தோம். சுவரில் வட்டமாக நின்ற சூரியனின் ஓரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கடிபட ஆரம்பித்தபோது வகுப்பறை முழுக்க ஒரே கூச்சல்.

நாங்கள் ஏற்பாடு செய்யாத காட்சி ஒன்றும் அன்று நடந்தது. வேப்பமரத்தடியில் இலைச் சந்துகள் வழியே தரையில் எப்போதும் விழும் வட்ட வட்ட ஒளிப்பொட்டுகள் அத்தனையும் பிறைகளாகிவிட்டன. ஒவ்வொரு சந்தும் ஒரு ஊசித்துளை. ஒவ்வொரு பொட்டும் ஒரு சூரிய பிம்பம். மற்ற நாளில் அவை வட்டமாக இருந்ததற்குக் காரணம் சூரியன் வட்டமாக இருந்ததுதான் என்று ஒரு பையன் தானாகவே கண்டுபிடித்துச் சொன்னான். எதிர்வீட்டில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி நிலைவாசல் வரை வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மாமியார்தான், “போடி, போய்ப் பார்த்துட்டு வா. மானத்தப் பாக்காதே, தரையப் பாரு” என்று அனுப்பி வைத்தார். ஒரு பெண் வெளியே வந்ததும் தெருவே வெளியே வந்தது. அன்றிலிருந்துதான் எங்கள் கூடத்தின் வயதைக் கணக்கிடுகிறோம்.

கண்ணாடித் துண்டுகளைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. ஒரு டிரங்குப் பெட்டியில் போட்டு வைத்தோம். வருஷா வருஷம் பிப்ரவரி 28, ராமன் விளைவு கண்டுபிடிக்கப்பட்ட நாள், தேசிய அறிவியல் தினத்தன்று பெட்டி வெளியே வரும். ஒவ்வொரு முறையும் புதிதாக ஏதாவது சேரும். எங்களுக்கு ஒரே ஒரு விதி: செய்தவரே விளக்க வேண்டும். கொல்லர் செய்தால் கொல்லர், சத்துணவு அம்மா செய்தால் சத்துணவு அம்மா. ஆசிரியர்கள் நாங்கள் பக்கத்தில் நிற்போம், அவ்வளவுதான்.

தீக்குச்சியையும் வால்வு டியூபையும் வைத்து வடிவங்கள் செய்யும் முறை அரவிந்த் குப்தாவின் புத்தகங்கள் வழியாக எங்களுக்கு வந்தது. நாலு குச்சியில் செய்த சதுரத்தை அமுக்கினால் சாய்ந்து சரிகிறது. மூன்று குச்சியில் செய்த முக்கோணம் அசைய மறுக்கிறது. இதைப் பார்த்த மேஸ்திரி ஒருவர், சாரம் கட்டும்போது குறுக்குக் கழி ஏன் போடுகிறோம் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல ஆரம்பித்தார். அந்த வருஷம் முழுக்க முக்கோணம் அவர் பொறுப்பு.

ஐயம்பேட்டையிலிருந்து வந்த நெசவாளர் ஒருவர் பழைய ஜக்கார்டு பெட்டியையே சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். பட்டுச்சேலை பார்டரில் அன்னமும் மாங்காயும் எப்படி வருகின்றன என்பதைச் சின்னப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி காட்டினார். ஓட்டை போட்ட அட்டை ஒவ்வொன்றாக ஊசி வரிசை மேல் வந்து அமுங்கும். ஓட்டை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே நுழைந்துவிடும். அதனோடு இணைந்த கொக்கி இருந்த இடத்திலேயே நின்று, மேலே தூக்கும் தகட்டில் மாட்டிக்கொள்ளும். அதில் தொங்கும் பாவு இழை எழும்பும். ஓட்டை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைத் தள்ளிவிடும், கொக்கி விலகும், இழை அப்படியே கிடக்கும். எழும்பிய இழைக்கும் கிடந்த இழைக்கும் நடுவே நாடா ஓடுகிறது. “உண்டு, இல்லை. இந்த ரெண்டே பேச்சுதான் இதுக்குத் தெரியும். ஆனா அதுலயே யானையும் வரும், மயிலும் வரும்” என்றார். 1804-இல் பிரான்சின் லியோன் நகரத்து ஜக்கார்டு செய்த இந்தப் பொறியின் அட்டையைப் பார்த்துத்தான் சார்லஸ் பாபேஜ் தன் கணக்குப் பொறிக்கும் துளையட்டை வைக்கத் திட்டமிட்டார் என்று நான் சொன்னேன். பெரியவர் அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் தறியில் தொங்கியது கம்ப்யூட்டரின் மூதாதை என்று அறிந்த அந்த முகத்துக்கு எந்த அருங்காட்சியகமும் ஈடாகாது.

மஞ்சள் தாளின் கதை ஆற்றோடு சேர்ந்தது. மஞ்சளைக் கரைத்துத் தடவிக் காயவைத்த தாளில் சுண்ணாம்புத் தண்ணீரோ சோப்புத் தண்ணீரோ பட்டால் அந்த இடம் சிவக்கும். ஆரத்தித் தட்டில் தினமும் பார்ப்பதுதான். மஞ்சள் காரத்தைக் காட்டிக்கொடுக்கிறது என்று யாரும் அதைப் பார்த்ததில்லை. கச்சாப் பட்டை சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்துத்தான் பசையை எடுப்பார்கள். நூலின் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இந்தப் பசையிலேயே போய்விடும். அப்படி வேகவைத்த தண்ணீரைக் கொஞ்சம் வாங்கி வந்து தாளில் விட்டோம். செக்கச் செவேல் என்றானது. பிறகு பிள்ளைகள் மூன்று ஆற்றுத் தண்ணீரையும் மூன்று பாட்டிலில் பிடித்து வந்து வரிசையாக வைத்தார்கள். காஞ்சிபுரம் நகரத்தின் சாக்கடையைச் சுமந்து வரும் வேகவதியின் பாட்டிலில் அடியில் கறுப்பு வண்டல் தங்கியது. யாரும் பிரசங்கம் செய்யவில்லை. பார்வேட்டைக்கு வந்த பெரியவர்கள் அந்த மூன்று பாட்டிலுக்கு முன்னால் வெகுநேரம் நின்றார்கள்.

வெளியூர்க்காரர்கள் எங்கள் ஊருக்கு வருவது கோயில் சுவரில் உள்ள ஒரு கல்வெட்டுக்காக. வீரராசேந்திர சோழனின் ஐந்தாம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 1068-இல் வெட்டப்பட்டது. வயலைக்காவூர் வருமானத்தை எப்படிச் செலவிட வேண்டும் என்ற விவரத்தோடு, ‘வீரசோழன்’ என்ற மருத்துவசாலை பற்றி அது சொல்கிறது. பதினைந்து படுக்கைகள், ஒரு வைத்தியர், அறுவை செய்ய ஒருவர், மூலிகை கொண்டுவர இருவர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள் இருவர் என்று சம்பளத்தோடு எழுதியிருக்கிறது. இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் உண்டு. கோயில் பள்ளியில் வேதமும் இலக்கணமும் படித்த மாணவர்களுக்குச் சாப்பாடும், சனிக்கிழமைக் குளியலுக்கு எண்ணெயும்கூடக் கொடுத்திருக்கிறார்கள். பட்டியலில் உள்ள வாசா ஹரீதகி, பில்வாதி கிருதம் என்ற பெயர்களைப் படித்துவிட்டு, ஆடாதொடையும் கடுக்காயும் வில்வமும் கொண்டுவந்து பெஞ்சில் வைத்தோம். ஆயிரம் வருஷத்துப் பட்டியலில் உள்ளது தன் வீட்டு வேலியில் முளைத்திருக்கிறதே என்று ஒரு பெண் வாய் பிளந்தாள்.

எனக்கு அந்தச் சுவர் மேல் அளவற்ற பெருமை உண்டு. அதே சுவரைப் படிக்கும்போதெல்லாம் இன்னொன்றும் தோன்றும். அந்தப் பள்ளியில் வேதம் ஓதும் பிள்ளைகளுக்கு இடம் இருந்தது; எங்களைப் போன்றவர்களின் பாட்டன்மாருக்கும் பாட்டிமாருக்கும் அங்கே இடம் இருந்திருக்காது. வைத்தியர் பெயர் கல்லில் இருக்கிறது. மூலிகை பறித்து வந்தவர்களின் பெயர் இல்லை. எந்த இலை எங்கே முளைக்கும் என்று அறிந்தவர்கள் அவர்கள். அறிவு அன்றும் பலர் கையில்தான் இருந்தது. அவர்களை யாரும் பேசச் சொல்லவில்லை. எங்கள் டிரங்குப் பெட்டிக்கு மேஸ்திரியும் நெசவாளரும் பொறுப்பாளர்களானது எனக்கு ஏன் அத்தனை முக்கியம் என்றால், இதனால்தான்.

2004 ஜூன் 8 அன்று வெள்ளி சூரியனைக் கடந்தது. 1882-க்குப் பிறகு உலகம் அதைப் பார்த்ததில்லை. இயக்கத்து நண்பர் ஒருவர் கொண்டுவந்த சின்னத் தொலைநோக்கியிலிருந்து வெள்ளைத் தாளில் சூரியனை விழ வைத்தோம். அதன் முகத்தில் சுத்தமான கறுப்புப் பொட்டு ஒன்று காலையிலிருந்து மாலை வரை மெல்ல நகர்ந்தது. கல்குவாரி லாரி ஓட்டுநர்கள் சிலர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்து வரிசையில் நின்று பார்த்தார்கள். அந்தப் பொட்டு பூமி அளவுக்குப் பெரிய உலகம் என்றபோது ஒருவர், “அப்ப நாம எத்தினி பெரிசும்மா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எங்களுக்குச் சில வருஷம் ஆனது. உதவி வந்தது அமெரிக்காவிலிருந்து. என்னிடம் படித்த பெண் ஒருத்தி நியூயார்க் மாநிலத்தின் இதாகா நகரத்துக்குப் போயிருந்தாள். அங்கே 1983-இல் இரண்டு பெண்கள் பள்ளிப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய சின்ன முயற்சி, அறிவியல் கூடமாக வளர்ந்திருக்கிறது. அந்தக் கட்டடத்தையும் வெளியே உள்ள பூங்காவையும் ஊர் மக்களே தன்னார்வலர்களாகத் திரண்டு வந்து கட்டினார்களாம். வானியலாளர் கார்ல் சேகன் வாழ்ந்த ஊர் அது. அவர் நினைவாக 1997-இல், சூரிய மண்டலத்தை ஐந்நூறு கோடியில் ஒரு பங்காகச் சுருக்கி, நகரத் தெருக்களில் கல்தூண்களாக நட்டிருக்கிறார்கள். சூரியனிலிருந்து புளூட்டோ வரை நடக்க 1.2 கிலோமீட்டர். அவள் அனுப்பிய படங்களைப் பார்த்ததும், நமக்கு ஆற்று மணல் இருக்கிறதே என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது.

அந்தக் கோடையில் பாலாறு வறண்டு கிடந்தது. அதே அளவில் சூரியன் 28 சென்டிமீட்டர். ஒரு பித்தளைத் தாம்பாளத்தைக் கரையோரம் கம்பில் கட்டினோம். கடையிலும் தோட்டத்திலும் தேடிக் கிரகங்களைச் சேர்த்தோம். புதனுக்குக் கசகசா. வெள்ளிக்கும் பூமிக்கும் பொறுக்கி எடுத்த பெரிய கடுகு ஒவ்வொன்று. செவ்வாய்க்குச் சின்னக் கடுகு. வியாழனுக்குப் பெரிய நெல்லிக்காய், சனிக்கு அதைவிடச் சின்ன நெல்லிக்காய். யுரேனஸுக்கும் நெப்டியூனுக்கும் சுண்டைக்காய். பிள்ளைகள் கயிறு பிடித்து அளந்தார்கள். பூமி 30 மீட்டரில். அதிலிருந்து நாலு விரல்கடையில் நிலா. மனிதன் போய்வந்த தூரம் அவ்வளவுதான். வியாழன் 156 மீட்டரில். நெப்டியூனுக்கு 900 மீட்டர் நடக்க வேண்டும். சுண்டைக்காயைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் போன சிறுமி கண்ணுக்கு மறைகிற வரை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் அங்கிருந்து திரும்பிப் பார்த்தபோது தாம்பாளம் ஒரு பொட்டாகத்தான் தெரிந்ததாம். அடுத்த நட்சத்திரம் எங்கே என்று கேட்டார்கள். ஆல்ஃபா சென்டாரியை இந்த அளவில் வைக்க எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும், ஏறக்குறைய லண்டன். மணலில் உட்கார்ந்திருந்த பாட்டி ஒருவர் கடுகை உள்ளங்கையில் வாங்கி, “இதுக்குள்ளயா இத்தினி சண்டை?” என்றார்.

பெட்டியில் உள்ளவை சாமான்கள்தான். கூடம் என்பது அவற்றைச் சுற்றிக் கூடிய ஆட்கள். திருநெல்வேலியிலும் வேலூரிலும் மாவட்ட அறிவியல் மையங்கள் இருக்கின்றன. சென்னை கோட்டூர்புரத்தில் 1988 முதல் பிர்லா கோளரங்கம் இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டியிருக்கிறேன்; அவை அவசியம் வேண்டும், இன்னும் பல ஊர்களில் வேண்டும். ஆனால் அங்கே போகும் பிள்ளை பார்வையாளராகப் போகிறது. தன் ஊரில், தன் மாமாவும் அத்தையும் செய்த ஒன்றைத் தொட்டுப் பார்க்கும் பிள்ளை, நாளைக்கு நானும் செய்யலாம் என்ற எண்ணத்தோடு வீடு திரும்புகிறது. முப்பது வருஷத்தில் நான் தெரிந்துகொண்டது இதைத்தான்.

பெட்டி துருப்பிடித்துவிட்டது, எங்களுக்கும் வயதாகிவிட்டது. அதனால் அன்று வேப்பமரத்தடியில் ஒரு முடிவுக்கு வந்தோம். இனி கண்காட்சி வருஷத்துக்கு ஒரு நாள் மட்டும் வேண்டாம். ஆற்றங்கரையில் முறையாக அனுமதி வாங்கி, திறந்தவெளியில் நிலையான பூங்காவாக அமைப்போம். சூரியனுக்கும் கிரகங்களுக்குமாக ஒன்பது கல் நடுவோம். கல்லுக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. சுவரில் உள்ள மருந்துகளுக்கான செடிகளை ஒரு பாத்தியில் வளர்ப்போம். மழைமானி ஒன்று வைப்போம். 2021 நவம்பர் வெள்ளத்தில் ஆறு எதுவரை ஏறியது என்று கண்ணால் பார்த்தவர்கள் இருக்கும்போதே ஒரு தூணில் குறித்துவைப்போம். அரசு இடமும் பாதுகாப்பும் தரட்டும். கையும் பேச்சும் ஊருடையதாக இருக்கட்டும். பொறுப்பை இருபது வயதுக்காரர்களிடம் கொடுத்துவிட்டோம்.

முதல் வேலையாகக் கம்பம் நடப் போகிறார்கள். எங்கள் ஊர் இருக்கும் அட்சரேகைக்கு வருஷத்தில் இரண்டு முறை, ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும், நடுப்பகலில் சூரியன் உச்சந்தலைக்கு நேராக வரும். நேராக நிற்கும் எதற்கும் அந்த நிமிடத்தில் பக்கத்தில் நிழல் விழாது. கம்பம் செங்குத்தாக நடப்பட்டிருக்கிறதா என்று மேஸ்திரியின் பேரன் தூக்குக்குண்டு வைத்துப் பார்ப்பான். ஏப்ரலில் அந்த நேரம் பன்னிரண்டு மணி எட்டு நிமிடம் வாக்கில் வரும். வாலாஜாபாத் பக்கம் இருப்பவர்கள் பதினொன்றரைக்கே வந்துவிடுங்கள். குழி தோண்டவும், கல் சுமக்கவும், வருகிறவர்களுக்கு விளக்கவும் ஆள் வேண்டும்.